மீராமோந்தியில் புகார் நேரம்

அமெதேயோ கானெப்பா தன் விடுதியில் எதையும் பழுதுபார்த்ததில்லை. ஜெனோவா ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சந்தில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி முழுவதும் அவருடைய விடுதி. பெயர் மீராமோந்தி. மலையைப் பார்த்தது என்று அர்த்தம். முன்பு அதை நடத்தியவர் மலைநாட்டுக்காரர், ஊர் நினைப்பில் வைத்த பெயர். ஜன்னலைத் திறந்தால் மலையும் தெரியாது, கடலும் தெரியாது. எதிர்வீட்டில் காயப்போட்ட துணி தெரியும். பெயரை மாற்றக்கூடாதா என்று கேட்டவர்களிடம், பலகை இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்.

ஒன்பது அறைகள். மலிவு. அந்த விலைக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும். கடைசி அறைக் குழாயில் வெந்நீர் வர வேண்டுமானால் பக்கத்து அறைக்காரர் குளிக்க வேண்டும். சாப்பாட்டு அறையின் ஜன்னல் மரத்தட்டி பாதி இறங்கிய நிலையில் என்றைக்கோ சிக்கிக்கொண்டது. அதனால் அங்கே காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணி போலத்தான் இருக்கும்.

காலையில் அமெதேயோ கீழே இருக்கும் ரொட்டிக்கடையிலிருந்து எண்ணெய் மினுக்கும் ஃபொகாச்சா ரொட்டி வாங்கி வருவார். காப்பி ஊற்றுவார். மேசையின் ஒரு முனையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவார். விருந்தினர்கள் உப்பு ரொட்டியைப் பால் காப்பியில் தோய்த்துத் தின்றபடி புகார் சொல்லத் தொடங்குவார்கள். அவர் முழுவதையும் கேட்பார். நடுவில் பேச மாட்டார். முடிந்ததும், நீங்கள் சொல்வது சரிதான் என்பார். இன்னொரு காப்பி ஊற்றுவார். வேறெதுவும் செய்ய மாட்டார். மறுநாள் அதே புகார் கொஞ்சம் மெருகேறி வரும்.

முணுமுணுக்கும் உரிமை வேண்டுமென்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கப்பலேறிய மாலுமிகள் ஒரு காலத்தில் இந்த ஊரில் இருந்தார்களாம். இருந்திருப்பார்கள். இங்கே ஒருவன் வாய் நிறையப் பாராட்டினால் கதவைப் பூட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

துனிஸ் கப்பலுக்கு முன் சில நாள் வந்து தங்கும் ஹேதி இதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலமாயிற்று. துணி துவைக்கும் இயந்திரங்களின் உதிரிப் பாகங்களை வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் விற்பவர் அவர். முதல் சில தடவைகள், எல்லாம் ரொம்ப நன்றாக இருந்தது, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் எதையோ மறைக்கிறான் என்று அமெதேயோ மகளிடம் தொலைபேசியில் சொன்னார். அடுத்த தடவை ஹேதி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காப்பிக்கு வந்தார். அதை மேசைமேல் வைத்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு? எங்க ஊர்ல கழுதை முதுகுல கூட இதைப் போட மாட்டோம்."

அன்றைக்கே அமெதேயோ அவருக்கு வாசல் கதவின் சாவி ஒன்றைக் கொடுத்தார். தலையணை மாறவில்லை.

மகள் பெயர் நிவெஸ். துரீனில் பெரிய கட்டிடங்களுக்கு வெந்நீர்க் குழாய்கள் வடிவமைக்கும் பொறியாளர். மருத்துவமனைகளுக்கு, பள்ளிகளுக்கு, ஒருமுறை ஒரு சிறைச்சாலைக்கு. சிறைச்சாலையில் எல்லா அறைகளிலும் வெந்நீர் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கருவிப் பெட்டியோடு ஜெனோவாவுக்கு வருவாள். அப்பா பெட்டியை வாங்கி அலமாரி மேல் வைத்து, முதலில் சாப்பிடு என்பார். அவள் கிளம்பும்போது அதை இறக்கிக் கையில் கொடுப்பார். கடைசி அறைக்கு ஒரு வால்வு மாற்றினால் போதும் என்று அவள் சொல்வாள். பார்க்கலாம் என்பார்.

ஆகஸ்ட் நடுவில் அமெதேயோ மருத்துவமனையில் இறந்தார். இதயம். வசந்த காலத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டோம் என்றார் மருத்துவர். யாரிடம் சொன்னீர்கள் என்று நிவெஸ் கேட்டாள். அவரிடம்தான் என்றார் மருத்துவர்.

செப்டம்பரில் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் மாடியை வாங்கி வார வாடகைக் குடியிருப்புகளாக மாற்ற ஒரு நிறுவனம் தயாராக இருந்தது. தரகர் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். விற்க அவளுக்கு மனமில்லை. யாருமில்லாத வீட்டைக் காவல் காக்கவும் மனமில்லை. மற்ற விருந்தினர்கள் ஒரு ராத்திரி படுத்து எழுந்து போகிறவர்கள். அந்த வீட்டு ஆட்கள் என்றால் மூன்று பேர்: ஹேதி, ஒலிந்தோ, சிஞ்ஞோரா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் செல்மீரா. ஒலிந்தோ துறைமுக இழுவைப் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு கடைசி அறைக்குக் குடிவந்து அங்கேயே இருந்துவிட்டவர். செல்மீரா தையல் கடைகளுக்குப் பொத்தானும் சரிகையும் விற்பவர், மாதத்தில் ஒரு வாரம் கனமான மாதிரிப் பெட்டிகளோடு வந்து தங்குபவர். இந்த மூவரும் இருந்தால் விடுதி இருக்கும், அவளும் திரும்பி வருவாள். போய்விட்டால் கையெழுத்துப் போடுவாள். அப்படித்தான் அவள் முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூவரும் அந்த வாரம் இருந்தார்கள். அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். வந்த அன்றே அலமாரி மேல் யாரும் வைப்பதற்கு முன் கருவிப் பெட்டியைத் திறந்தாள்.

ஒலிந்தோவின் வெந்நீர் ஒரு மதிய நேரத்து வேலை. லிஃப்டுக்கு ஆள் வரவழைத்தாள். அவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, இத்தனை வருஷம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். மரத்தட்டியை அவளே கழற்றி, புதுப் பட்டை போட்டு மாட்டினாள். ஹேதிக்குப் புதுத் தலையணை வாங்கினாள். சாப்பாட்டு அறையில் காலை வெயில் விழுந்தது. சுவர் பச்சை நிறம் என்பது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காப்பிக்கு மூவரும் வந்தார்கள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிவெஸ் அப்பாவின் இடத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டு காப்பி ஊற்றினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் ஒலிந்தோ.

லிஃப்ட் வழுக்கிக்கொண்டு போகிறது என்று செல்மீரா பாராட்டினார். தலையணை மேகம் மாதிரி இருந்ததாம் ஹேதிக்கு. அப்பா பெரிய மனுஷர், அவர் இழப்பு ஈடு செய்ய முடியாதது என்று மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அதை இறுதிச் சடங்கிலும் சொல்லியிருந்தார்கள். பிறகு பேச ஒன்றுமில்லை. முன்பெல்லாம் கோப்பைகளைக் கழுவவே பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அன்று ரொட்டி ஆறுவதற்குள் மேசை காலி.

அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒலிந்தோ, சவோனாவில் அண்ணன் மகள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். செல்மீரா, சாமான் அறையில் வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்த பெரிய பெட்டியை இந்தத் தடவை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறேன், உங்களுக்கு ஏன் இடைஞ்சல் என்றார். ஹேதி வாசல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

நிவெஸ் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள். எங்கே தவறு என்று யோசித்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். லிஃப்டில் மூன்று முறை ஏறி இறங்கினாள். மரத்தட்டியை ஏற்றி இறக்கினாள். எல்லாம் வேலை செய்தது. அவள் கணக்குப்படி அந்த வீட்டில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை, குடியிருந்தவர்கள் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை மேசையைத் துடைக்கும்போதுதான் அது அவளுக்குப் பட்டது. மூவரும் இப்போது அவளிடம் பேசுவதுபோல் அப்பாவிடம் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. நிலைய வாசலில் வழி கேட்கும் வெளியூர்க்காரரிடம்தான் இந்த ஊர் ஆட்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் நடைவழியின் குழாய்ப் பெட்டியைத் திறந்து, கடைசி அறைக்குப் போகும் வெந்நீர் வால்வை முக்கால்வாசி மூடினாள். இருபது வருஷத் தொழிலில் அவள் செய்யாத வேலை. மூடிவிட்டு ரொட்டி வாங்கக் கீழே போனாள்.

திரும்பி வந்தபோது செல்மீராவும் ஹேதியும் மேசையில் இருந்தார்கள். ஒலிந்தோ தலை ஈரத்தோடு, காது மடலில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். நிவெஸ் காத்திருந்தாள்.

"ஏம்மா நிவெஸ், வால்வை மூடினியா?"

அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஸ்பானர் நடைவழியிலயே கிடக்கு. நான் அது மேல காலை வெச்சுட்டுதான் வரேன்." உட்கார்ந்தார். துண்டால் காதைத் துடைத்தார். "உங்கப்பா எதையும் வேணும்னு செஞ்சதில்ல. அவர் வீட்ல எல்லாம் தானா கெட்டுப்போச்சு. பதினோரு வருஷம் நான் சோப்போட நின்னுருக்கேன். ஒரு நாள் கூட அவர் என்னை ஏமாத்தல."

"நீங்க போகாம இருக்கணும்னுதான்" என்றாள் நிவெஸ்.

"அதுக்குக் குளிர்ந்த தண்ணியா? முதல்ல வெந்நீர் விட்டு என் வாயை அடைச்ச. இப்ப கேலி பண்ற. இந்த வயசுல எனக்குச் சளி பிடிச்சா யார் பாக்குறது, சவோனாக்காரியா? அவ சமையலை நீ சாப்பிட்டதில்ல."

ஹேதி தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் ஒன்று இருந்தது, சொல்லலாமா என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அந்தப் பழைய தலையணை எங்க, தங்கச்சி? தூக்கிப் போட்டுட்டீங்களா? அது எனக்கும் அவருக்கும் நடுவுல இருந்த விஷயம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

தூக்கிப் போட்டுவிட்டதாக அவள் ஒப்புக்கொண்டாள். ஹேதி தலையை ஆட்டினார். இந்த மேகத்தில் தலை வைத்தால் கழுத்து உள்ளே போய்விடுகிறது, கப்பலில் வலியோடு உட்கார்ந்திருக்கப் போகிறேன், துனிஸ் போய்ச் சேரும்வரை உங்களை நினைத்துக்கொள்வேன் என்றார்.

செல்மீரா அதுவரை ரொட்டியைத் தோய்ப்பதும் தின்பதுமாக இருந்தார். இப்போது கோப்பையை நகர்த்தி வைத்தார். ரவிக்கை மேல் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டார். அவருடைய புகார் லிஃப்டைப் பற்றியதாக இருக்கும் என்று நிவெஸ் நினைத்தாள்.

"ஆகஸ்ட்ல யாராவது சாவாங்களா?" என்றார் செல்மீரா.

ஒலிந்தோ துண்டை மடியில் வைத்தார்.

"ஆகஸ்ட்ல. ஊரே கதவைச் சாத்திட்டு மலைக்குப் போயிருக்கு. பாதிரியார் லீவு. பூக்கடை லீவு. நான் ஒரு கொத்துப் பூவுக்காக ரயில் ஏறி நெர்வி வரைக்கும் போனேன், அங்கயும் வாடினதைத்தான் கொடுத்தான். பதினஞ்சாம் தேதி மாதா பண்டிகைனு மனுஷனை நாலு நாள் பெட்டியிலயே காக்க வெச்சாங்க. அந்தப் புழுக்கத்துல நான் கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டத்து மேடு ஏறினேன். வேற கறுப்பு எங்கிட்ட இல்ல. அக்டோபர்ல செத்திருந்தா என்ன குறைஞ்சுடும்? அடுத்தவங்களைப் பத்தி அந்த மனுஷன் என்னிக்காவது நினைச்சதுண்டா?"

லீவில் போனவருக்குப் பதிலாக வந்த பாதிரியார் அமெதேயோ என்ற பெயரை ஆமெதே என்று இரண்டு முறை சொன்னாராம். அதை ஒலிந்தோவும் கவனித்திருந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வண்டிக்காரன் சந்து குறுகல் என்று கீழேயே நின்றுகொண்டதால், பெட்டியைத் தூக்கியவர்களில் தானும் ஒருவன் என்று அவர் சேர்த்துக்கொண்டார். அப்போது பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. ஆள் பார்க்க ஒல்லி, தூக்கினால் அப்படிக் கனம். வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் வேறெப்படி இருக்கும் என்றார்.

நிவெஸ் காப்பிக் கூஜாவை மேசையில் வைத்தாள். இறுதிச் சடங்கில் அவள் அழவில்லை. எல்லோரும் அப்பாவைப் பெரிய மனுஷர் என்றார்கள், அப்படி ஒருவரை அவளுக்குத் தெரியாது. இப்போது பேசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்த ஆளைப் பற்றி. அவள் அப்பாவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன்" என்றாள். "பாய்லர் சத்தம் போடுதுன்னு சொல்லுவார். எப்படிச் சத்தம் போடுதுன்னு வாயால செஞ்சு காட்டுவார். அரை மணி நேரம் பாய்லர். அவர் நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் என்ன, பாய்லருக்கா மக?"

கண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மூவரும் அவளைத் தேற்றவில்லை. ஹேதி ரொட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"நல்ல புகார்தான்" என்றார் ஒலிந்தோ. "ஆனா சிஞ்ஞோரா இன்னும் முடிக்கல. நீ இங்க புதுசு. உன் முறை கடைசில."

செல்மீரா, தான் கல்லறையைப் பற்றி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார்.

பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. நிவெஸ் போய்ச் சுவரில் இருந்த பேசும் கருவியை எடுத்தாள். கீழே தரகர், கூட இன்னொருவரையும் அழைத்து வந்திருப்பதாகச் சொன்னார். இன்றைக்கு முடியாது, நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள். எப்போது முடியும் என்று அவர் கேட்டார். அவள் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். செல்மீரா கல்லறைக்கு வந்து சேர்ந்திருந்தார். அதற்குப் பின்னால் தன்னுடைய முறை என்று ஒலிந்தோ கையை உயர்த்தி வைத்திருந்தார்.

தெரியாது என்று சொல்லிவிட்டுக் கருவியை மாட்டினாள்.