அம்மா என்று கூப்பிடச் சொன்னோம்

நடந்தவை:

1. குவைத்தின் அப்பாசியாவில் எங்கள் ஃப்ளாட்டின் பக்கத்து அறையில், விசா கொடுத்த முதலாளியான கபீலின் வீட்டிலிருந்து ஓடி வந்த ஒரு மலையகப் பெண் இருந்தாள். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பிடிபட்டாள்.
2. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றால் இங்கே சிறை. அதனால் போலீசில் தனக்குப் பிள்ளையே இல்லை என்றாள். இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள்.
3. அவளுடைய ஒன்றரை வயது மகள் எந்தக் காகிதமும் இல்லாமல் எங்களிடம் இருந்தாள்.
4. என்னுடன் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா, தன்னை "அம்மா" என்று கூப்பிடக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நான்காவதில்தான் எனக்குக் குழப்பம். அக்கா கல்யாணமானவர், கணவருக்குப் பாலைவனத்தில் சைட் வேலை. குழந்தை "அம்மா" என்றால் கட்டடக் காவலாளி எதுவும் கேட்கமாட்டான். தெரிந்தால் அக்காவுக்கும் ஜெயில்தான். நல்ல ஏற்பாடு என்று நானும் சொன்னேன்.

ஒவ்வொரு வெள்ளியும் பெற்றவள் ஃபோன் செய்வாள்.

"புள்ள என்னா செய்யுது அக்கா? என்னைய கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்பார் அக்கா. ரிசீவரைக் குழந்தையின் காதில் வைத்தால், அது அதைப் பிடுங்கி அக்காவின் காதிலேயே வைக்கும்.

நான் மருத்துவமனைகளில் ஸ்கேன் மெஷின் சரிபார்ப்பவள். எங்கள் சீனியர் என்ஜினியர் ஓய்வை நெருங்கும் டச்சுக்காரர். சாப்பாட்டு நேரத்தில், யார் பெயரும் இல்லாமல் இதைச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இரண்டாம் உலக யுத்தத்தில், அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயார் ஒரு யூதக் குழந்தையைத் தன் மகள் என்று சொல்லி வளர்த்தாராம். நாஜிகளிடம் அகப்பட்டிருந்தால் குடும்பத்தையே கொன்றிருப்பார்கள். யுத்தம் முடிந்து பெற்றவள் உயிரோடு திரும்பி வந்தாள். குழந்தை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தன் தாயாரும் குழந்தையை உடனே வெளியே இழுக்கவில்லை, கொஞ்ச நேரம் சும்மா நின்றார் என்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு இன்னும் புரியவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் என்ன, பிள்ளை பிடிக்கிறவளோ?"

"அப்படிச் சொல்லலக்கா. அவதான் ஊருக்குப் போயிட்டாளே. இனி தன் பிள்ளைன்னு சொன்னா அவளை யாரும் பிடிக்க முடியாது. இலங்கை எம்பசிக்குப் போகலாம்ல?"

"போனா, இவ்வளவு நாளும் ஆர் வச்சிருந்ததெண்டு கேப்பாங்கள். நீயோ பதில் சொல்லுவாய்?"

"நானும் வரேன்."

"உனக்கு விசர்." குழந்தையின் வாயைத் துடைத்தார். "கொஞ்சம் வளரட்டும். அந்தத் தோட்டத்து லயத்துக்குள்ள அவள் என்னத்தக் குடுத்து வளப்பாள்?"

அவர் பயந்தது ஜெயிலுக்கா, குழந்தை போய்விடும் என்பதற்கா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த வெள்ளி, "கேக்குதா?" என்று அவள் கேட்டபோது அக்கா, "இல்லையடி. என்னைத்தான் அம்மா எண்டுது. நான்தான் பழக்கினனான்" என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. கொஞ்சம் கழித்து அவள், "பரவால்லக்கா. உசுரோட இருக்குல்ல" என்றாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் எம்பசிக்குப் போனோம். தன் பிள்ளைதான் என்று பெற்றவள் எழுதிய கடிதம் வந்துவிட்டது. குழந்தை ஊருக்குப் போவதற்கான பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை. அக்காவைப் போலீஸ் கூப்பிடுமா என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை இப்போதும் அக்காவைத்தான் அம்மா என்கிறது.