மோதினாரின் மூச்சு

இரண்டு விரலால் மாஸ்க்கைத் தள்ளிவிட்ட அந்தக் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோபமாகத் தள்ளவில்லை. விருந்து வீட்டில் இரண்டாம் தரம் சோறு வைக்க வருபவரைத் தடுப்பதுபோல, மரியாதையாகத் தள்ளினார். சாய்ந்தமருதில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லும் மோதினார் அவர். எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அவருடைய குரல் கேட்டுத்தான் நோன்பு திறந்திருக்கிறேன். அந்த மனிதருக்கு மூச்சுக் கொடுக்கும் வேலை, நேர்ஸாகிய என் கையில் வந்து விழும் என்று யார் நினைத்தது?

நோன்பு மாதம். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம் அவருடைய மனைவி அவரை ஓட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடுமையான முட்டு, ஆஸ்துமாதான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. டொக்டர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த வாட்டுக்கு ஓடிவிட்டார். நான் நெபுலைசரில் மருந்தை ஊற்றி, சுவிட்சைப் போட்டு, வெள்ளைப் புகை வந்ததும் மாஸ்க்கை நீட்டினேன். அவர் தள்ளினார்.

“நோம்பு... மகள். மஹ்ரிப்... வரட்டும்.”

நோன்பு திறக்கும் மஹ்ரிபுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவருடைய நெஞ்சு அதுவரை தாங்காது என்று எனக்குத் தெரியும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். மோதினாருக்கே மார்க்கம் படிப்பித்த என் புத்தியை என்ன சொல்ல. பள்ளி மைக்கில் அதை வருடா வருடம் ஊருக்குச் சொல்பவரே அவர்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாஸ்க்கை மட்டும் வாங்கவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நோம்புக்கில்ல மகள், வெக்கத்துக்கு. மூச்சுப் போதாதெண்டு தெரிஞ்சா பள்ளியில வேற ஆளப் போட்டிருவாங்களாம். ரெண்டு மாசமா என்னட்டயும் மறைச்ச மனுசன் இது.” மோதினார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு வந்தது கொஞ்சநஞ்சமல்ல.

“ஆருக்கு மறைக்கிறீங்க மாமா? பாங்கில ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’ சொல்லக்குள்ள நடுவில நிப்பாட்டி மூச்செடுக்கிறீங்க. எங்கட தெருவில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கதைக்கல்ல, ஏனெண்டா எங்களுக்கு உங்கட பாங்குதான் வேணும். இந்தக் கட்டில்ல நீங்க மவுத்தாப் போனா ஆர் சொல்ற?”

தகப்பன் வயதுள்ளவரை இப்படி ஏசிவிட்டேனே என்று எனக்கே பயமாகிவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். மாஸ்க்கை வாங்கி, இலாஸ்டிக்கைத் தானே தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டினார்.

முதல் தரம் மருந்து முடிந்தபோது ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சில் சத்தமே கேட்கவில்லை. அந்த அமைதிதான் எங்களைப் பயமுறுத்துவது, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். இரண்டாம் தரத்தின் நடுவில் விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் தொடங்கியது. மனைவி பதறினார். “இது நல்ல சத்தம் மாமி, காத்துப் போகுது” என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் தரம் முடிய அவர் மாஸ்க்கை உயர்த்தி, இடையில் நிற்காமல் ஒரு முழு வசனம் பேசினார்: “மகள், நீங்க ஏசினது பள்ளி மைக்கில்லாமலே ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.”

அன்று மஹ்ரிபுக்கு வேறொருவர் பாங்கு சொன்னார். படுத்தபடியே கேட்டுவிட்டு, “அவசரப்படுறார்” என்றார் மோதினார்.

வீட்டுக்குப் போகும்போது டொக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், நாளுக்கு இரண்டு வேளை. விடியுமுன் ஸஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. நோன்புக்குக் கொஞ்சமும் இடைஞ்சலில்லை என்றதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

நோன்பு இருபத்தைந்தில் அவர் பள்ளிக்குத் திரும்பினார். அன்று எனக்கு லீவு. மஹ்ரிப் நேரம், பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தபடி வாசலில் நின்றேன். பாங்கு தொடங்கியது. பழத்தை வாயில் வைக்கத் தோன்றவில்லை. ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’ வந்தது. உடையவில்லை. ஒரே மூச்சில் போனது, போய்க்கொண்டே இருந்தது. மனுசன் வேண்டுமென்றே நீட்டுகிறார் என்று எனக்கு விளங்கியது. நின்ற இடத்தில் அழுதுகொண்டே சிரித்தேன்.

பாங்கு முடிந்தும் மைக் அணையவில்லை. “எனக்கு முட்டு வருத்தம்” என்றார் ஊருக்கே. “நோம்போட ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டவன் நான். மூச்செடுக்க ஏலாத ஆரும் என்ட பாங்குக்காகக் காத்திருக்க வேணாம். போய்ப் போடுங்க.”

இன்றைக்கும் அங்கே அவர்தான் பாங்கு சொல்கிறார். முன்பெல்லாம் நோன்பு மாதத்தில் பின்னேரம் நெபுலைசர் போட வருபவர்கள் உட்காரும் எங்கள் வாங்கு காலியாகக் கிடக்கும், மஹ்ரிப் முடிந்த பிறகுதான் நோயாளிகளைக் குற்றுயிராகத் தூக்கி வருவார்கள். அந்த அறிவிப்புக்கு மறுநாள் அஸர் முடிந்த கையோடு மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மருந்தை ஊற்றுவதற்குள் முதலாமவர் மாஸ்க்குக்குக் கையை நீட்டிவிட்டார். அன்றைக்கு நான் ஒருவரையும் ஏசவில்லை.