மீட்டர் எரிந்தது, பின்விளக்கு எரியவில்லை

உங்கள் காரின் பின்விளக்கு எரிவதைக் கடைசியாக எப்போது உங்கள் கண்ணால் பார்த்தீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். பதினோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒருவரே இந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்து நின்றார்.

மாணவர்களுக்கு அவர் டீச்சரக்கா. கிளட்சிலேயே காலை ஊன்றிக்கொண்டிருந்தால், "அது என்ன, கால் வைக்கிற முக்காலியா?" என்பார். விளக்குக்கு அவர் வைத்திருந்த பாடம் ஒரே வரி: "மீட்டர் வெளிச்சமா இருந்தா லைட் எரியுதுன்னு அர்த்தம்." பழைய காருக்கு அது சரி. அதில் விளக்கு ஸ்விட்சைப் போட்டால்தான் ஸ்டியரிங்குக்கு முன்னால் வேகம் காட்டும் மீட்டர் ஒளிரும். பிறகு பயிற்சிப் பள்ளி புதுக் கார் வாங்கியது. அதில் இன்ஜினைக் கிளப்பியதுமே மீட்டர் பளிச்சென்று இருக்கும்; முன்னால் பகல் விளக்கும் தானாக எரியும். பின்னால் ஒன்றும் எரியாது. கார் மாறியது, பாடம் மாறவில்லை.

ஒரு மழைச் சாயங்காலம், அந்தச் சாம்பல் நிறப் புதுக் காரை அவர் மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த பார்சல்காரர் மோதி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

"பின்னாடி லைட்டே இல்ல சார், வண்டி இருக்கிறதே தெரியல" என்று காவலரிடம் சொன்னார் அவர்.

"நான் ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கிறவ. லைட் எரிஞ்சுது" என்று டீச்சரக்கா காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தார்.

காரில் வந்தவர் பேச்சுக்கு இருக்கும் மரியாதை ஸ்கூட்டரில் வந்தவர் பேச்சுக்கு ஏது? பார்சல்காரரின் உரிமத்தைப் பிடித்து வைத்தார்கள். வேலை போயிற்று. அவருக்குக் கெட்ட நேரம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். கெட்ட நேரமாம்! ஸ்விட்சைத் திருப்பாத கைக்கு எவ்வளவு வசதியான பெயர்!

பத்தொன்பது நாள் கழித்து, பயிற்சி மைதானத்தில் அதே பாடம். காருக்குப் பின்னால் நின்ற தையல்கார மாணவி கத்தினார்: "டீச்சரக்கா, இங்க ஒண்ணுமே எரியலையே! எனக்குத்தான் கண் அவிஞ்சுபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரக்கா இறங்கிப் பின்னால் போனார். அணைந்து கிடந்த இரண்டு விளக்குகளையும் பார்த்தார். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

"முடிஞ்ச கேஸும்மா. நீங்களா வந்து ஏன் மாட்டிக்கிறீங்க?" என்றார் காவல் நிலைய எழுத்தர்.

"தப்பா எழுதினது என் கைதானே? நானே திருத்தி எழுதறேன்."

பார்சல்காரர் தோள்கட்டோடு கதவைத் திறந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் டீச்சரக்கா போயிருந்தார். அவர் திட்டவில்லை.

"நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்க்கா. கண் டாக்டர்கிட்ட போனேன். நல்லாத்தான் இருக்குன்னாரு. அவரையும் நம்பல."

டீச்சரக்காவால் நிமிர முடியவில்லை.

பார்சல்காரரின் உரிமம் திரும்பி வந்தது. வேலை இன்னும் வரவில்லை. டீச்சரக்கா பழைய மாணவர்களை ஒவ்வொருவராக போனில் அழைக்கிறார்: "நான் உனக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேம்மா." பாதிப் பேரின் எண் மாறிவிட்டது.

எனவே நான் உங்களிடம் கேட்கிறேன். மழையிலும் பனியிலும் விளக்கு ஸ்விட்சை உங்கள் கையால் திருப்புங்கள். "உங்க வண்டி தெரியல" என்று சாலையில் ஒருவர் சொன்னால், அவர்மேல் பாய்வதற்கு முன் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள்.