பூ மூட்டையும் ஹெலிகாப்டர்காரரும்

ஹெலிகாப்டர் என்றால் வரும், ஏற்றும், பறக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பறப்பதற்கு முன்னால் ஒரு மனிதர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து, கூடி நிற்கிற தோட்டத்துச் சனம் முழுவதின் உயிரையும் வாங்குவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் வானத்திலிருந்து பூப்போட வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு தடவை போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து ஆட்கள் கடைவீதியில் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. விடுவோமா? அதிலும் கமிட்டித் தலைவர் என் மாமா. விடுகிற ஆளே இல்லை.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்து வருகிற கொழுந்தை, நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் தராசில் தொங்கவிட்டு, கிலோ பார்த்து எழுதுகிற வேலை அவருடையது. அம்மா அந்த வரிசையில் சாக்கோடு நிற்கிற பெண்களில் ஒருவர். முதல் கைப்பூவைக் கன்னிப்பெண் போட்டால்தான் அம்மனுக்கு உகந்தது என்று ஐயர் வாயால் சொல்ல வைத்ததும் மாமாதான். அந்தக் கன்னிப்பெண் நான். ஹட்டனில் எடுத்த சிவப்புப் பாவாடை தயாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. என்னோடு டூ விட்டிருந்த இரண்டு பேர்கூட தாங்களாகவே வந்து ராசியாகிக்கொண்டார்கள். நான் மட்டும் ஏறாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல்படியை மிதிக்க முடியாது.

ஹெலிகாப்டர்காரர் முன்கூட்டியே போன் செய்து, ஏறுகிறவர்களின் எடையையும் பூவின் எடையையும் கேட்டிருந்தார். மலை உயரத்தில் காற்று லேசாக இருக்குமாம், கீழே தூக்குகிற அளவுக்கு இங்கே தூக்காதாம். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபது வருடமாகத் தராசும் கையுமாக இருக்கிற மனிதனிடம் போய் நிறுத்துச் சொல்லு என்கிறானே என்று தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சிரித்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு லயத்திலிருந்தும் பெண்கள் பூ கொண்டுவந்தார்கள். வீட்டுத் தோட்டத்துச் செவ்வந்தி, டேலியா, ரோசா, பேர் தெரியாத ஊதாப்பூ எல்லாம் கொழுந்துச் சாக்குகளில் நிரம்பின. தூறலில் பறித்ததால் பூவெல்லாம் ஈரம். மாமா ஒவ்வொரு சாக்காகத் தொங்கவிட்டுக் கிலோ சொன்னார். என்னையும் ஒரு சாக்குக்குள் இறக்கித் தொங்கவிட்டார். காலை மடக்கிக்கொண்டு தொங்கிய என்னைப் பார்த்து, இந்தக் கொழுந்து முத்தல் என்று பெண்கள் கேலி செய்தார்கள். கடைசியாக மாமா தானே கொக்கியைப் பிடித்துத் தொங்கி, இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொன்னார்.

இந்த இடத்தில் மடுவத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தராசு காட்டுகிற கிலோ ஒன்று, கூலிக்காகப் புத்தகத்தில் ஏறுகிற கிலோ வேறு. சாக்குக்கு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். ஈரத்துக்கு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். வெயில் காய்கிற நாளிலும் ஈரத்துக்கு வெட்டு உண்டு. மாமா அக்கா என்று பார்க்க மாட்டார். பார்த்தால் மற்றவர்கள் பேசுவார்களே என்று அம்மாவுக்கு இன்னும் ஒரு கிலோ சேர்த்தே வெட்டுவார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாக்கை மடிப்பார். வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதும்போது மட்டும் கொஞ்சம் பலமாக ஊதுவார்.

மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் பந்து விளையாடுகிற மைதானத்தில் இறங்கியது. இறங்கின காற்றில் தோரணம் ஒரு பக்கம், உட்காரப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள் ஒரு பக்கம், கமிட்டிக்காரர் ஒருவரின் சால்வை இன்னொரு பக்கம் என்று பறந்தன. நாங்கள் கைதட்டினோம். சுப நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது. நிறைய நேரம் இருந்தது. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறப் போனார். அதற்குள் ஹெலிகாப்டர்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

ஒல்லியான சிங்களப் பையன். பையன் என்றால் மாமாவுக்குப் பையன், எனக்குப் பெரிய ஆள். சிரித்த முகம், மெதுவான பேச்சு. எது சொன்னாலும் கோபமே வராது. அதுதான் எங்களுக்குக் கோபம். பறக்கும் முன் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். வாலில் ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆணியையும் விரலால் தொட்டார். மேலே ஏறி இறக்கையைத் தடவினார். கீழே படுத்து அடியைப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் ஒரு குமிழைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் எண்ணெயைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். மாமா என் காதுபடவே முணுமுணுத்தார். நம் ஊர் பஸ்காரன் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஹோர்ன் அடித்தால் மலை இறங்கி ஹட்டனில்தான் நிற்கிறான், இவனுக்கு என்ன வந்தது என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது.

சும்மா நிற்பதற்குப் பூசையாவது போடலாம் என்று கமிட்டிக்காரர்கள் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். புது லொறிக்குப் போடுகிற பூசை. சூடத்தைக் கொளுத்தத் தீக்குச்சியை உரசியதுதான் தாமதம், அதுவரை மெதுவாகப் பேசிய மனிதர் பாய்ந்து வந்து தீக்குச்சியை ஊதி அணைத்தார். எண்ணெய் நிற்கிற இடத்தில் நெருப்பா என்று அவருக்கு முகமே வெளிறிவிட்டது. சரி, பழமாவது வைப்போம் என்று எலுமிச்சம்பழங்களை அதன் கால்களுக்கு அடியில் செருகினார்கள். மேலே போகிற வண்டி பழத்தை எப்படி நசுக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஹெலிகாப்டர்காரர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

பிறகு உள்ளே உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்தார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒரு வரியை வாசிப்பார், ஒரு பொத்தானைத் தொடுவார், அடுத்த வரியை வாசிப்பார். யாரோ இருமியதில் விட்ட இடம் தெரியவில்லையாம், முதலிலிருந்து மறுபடி வாசித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது முடிந்ததும் போனில் யாரிடமோ மேகத்தைப் பற்றி விசாரித்தார். நல்லதண்ணிப் பக்கம் மூடிக்கொண்டு வருகிறதாம். இருந்த நேரத்தையெல்லாம் தின்றுவிட்டு இப்போது மேகம் வருகிறது என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? கோயிலில் மேளம் ஆரம்பித்துவிட்டது.

ஒருவழியாக என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பெல்ட்டையும் மாட்டினார்கள். பூ மூட்டைகள் என் காலடியில் வந்தன. மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலியோரம் நிற்பது தெரிந்தது. நான் ராணி மாதிரி கையை ஆட்டினேன்.

ஹெலிகாப்டர்காரர் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். பிறகு தன் சாமான்களுக்குள்ளிருந்து, ஏறி நின்று பார்க்கிற சின்னத் தராசு ஒன்றை எடுத்து வந்து தரையில் வைத்தார். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். எங்களையும்தான்.

மூட்டைகள் மாமா சொன்னதைவிடக் கனமாக இருந்தன. நான் கனமாக இருந்தேன். மாமா ரொம்பவே கனமாக இருந்தார். இது எப்படி என்று ஹெலிகாப்டர்காரர் கேட்டார். மாமா கொஞ்சமும் அசரவில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் வெட்டிவிட்டுத்தான் சொன்னேன், அதுதான் முறை என்றார். எனக்கு வெட்டியது சாக்குக்காக. தனக்கு வெட்டியது சப்பாத்துக்கும் உடுப்புக்குமாக. ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. எழுதும்போது கை தானாக வெட்டிவிட்டது.

ஹெலிகாப்டர்காரர் தராசைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவருக்கு நிசமாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சிங்களத்தில் கேட்டார், ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

"அது சரி, வெட்டுன கிலோவ யாரு தூக்குறது?"

 பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவி, எல்லாப் பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பது எங்கள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வழிகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் சீட்டு போகப் போகிறது, பெற்ற தாய்க்குச் சிரிப்பு வருகிறதே!

பாரத்தைக் குறைத்தால்தான் பறக்க முடியும் என்று ஹெலிகாப்டர்காரர் சொல்லிவிட்டார். பூவை இறக்கலாம் என்று பார்த்தால், எந்த லயத்துப் பூவை இறக்குவது? எங்கள் பூ ஏறாவிட்டால் நாங்கள் கோயிலுக்கே வரமாட்டோம் என்று ஒவ்வொரு லயமும் மல்லுக்கு நின்றது. மாமா இறங்கினால் மூட்டையைப் பிடித்துக் கொட்ட ஆள் இல்லை. மிச்சம் இருந்தது நான். ஹெலிகாப்டர்காரரே வந்து பெரியவர்களிடம் சொல்வது போல என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவை கூட்டிப்போகிறேன் என்றார். என்ன அடுத்த தடவை? கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கையிலிருந்த எலுமிச்சம்பழங்களை அவர் காலடியில் போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடினேன்.

அம்மா என்னைப் பிடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். ஹெலிகாப்டர் ஏறியது. மலை ஏறி வந்த மேகம் கோயிலை மூடுவதற்குள் இரண்டு சுற்று சுற்றியது. முதல் கைப்பூவை மாமா போட்டார். காற்றில் கொஞ்சம் கோபுரத்தில் விழுந்தது, மிச்சமெல்லாம் தேயிலை மலையில் போய் விழுந்தது. ஐயர் யாருக்காகவும் காத்திருக்காமல் தண்ணீரை ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று மடுவத்துக்குப் போனேன். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் சாக்கு தராசில் தொங்கியது. மாமா கிலோவைச் சொல்லிவிட்டு, எழுதப் பேனாவை வைத்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அன்றைக்குக் குனியவில்லை.

"வெட்டுறத யாரு தூக்குறது தம்பி?"

வரிசையில் நின்ற பெண்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.  மாமா தராசு சொன்னதை அப்படியே எழுதினார். அடுத்த சாக்குக்கும் அப்படியே எழுதினார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அதற்கடுத்த வாரம் ஆபீசிலிருந்து மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், பழையபடி வெட்டு வந்துவிட்டது. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அந்த வாரத்து வெள்ளிக்கிழமையைப் பற்றி. அம்மா வேலை விட்டு வந்து, குளித்து, அர்ச்சனைத் தட்டு எடுத்துக்கொண்டு என்னையும் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எங்கள் வீட்டில் அர்ச்சனை என்றால் எனக்குப் பிறந்தநாள் வர வேண்டும், இல்லையென்றால் காய்ச்சல் வர வேண்டும். பாவம், பிள்ளை ஏமாந்துபோனதே என்று என் பேருக்குத்தான் செய்யப்போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் சமாதானமாகி முன்னால் போய் நின்றேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார்.

"பேரு தெரியாது சாமி. அன்னைக்கு ஹெலிகாப்டர் ஓட்டிக்கிட்டு வந்தாரே, அவருக்கு."

ஐயர் ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். பிறகு தட்டோடு உள்ளே போனார். மணி அடித்தது. அம்மா கண்ணை மூடி, உதடு அசைய, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கும்பிட்டதைவிட உருக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்துச் சனம் முழுவதும் பார்க்க என்னைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டவனுக்கு, என் சொந்த அம்மா அர்ச்சனை செய்கிறார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சூடத்தட்டு என் பக்கம் வந்தபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.