ராக்கையா கொடுத்த பீஸ் கட்டை

எழுபதுகளில் போடிநாயக்கனூர் பக்கம் கிணற்று மோட்டார் மக்கர் செய்தால், "ராக்கையாண்ணனை வெரசாக் கூப்பிடு" என்பார்கள். கரண்டு வேலை பார்க்க வந்தவருக்கு முதலில் கருப்பட்டிக் காப்பி. மோட்டார் ஓடி வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததும் வீட்டார் முகத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே! கிணறுகளில் தண்ணீர் தளும்பிய காலம். நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஏங்கத்தான் செய்கிறது.

கிணற்றில் இறங்குமுன் சுவிட்ச் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் முடிந்துகொள்வார். அது அவரிடம் இருக்கும்வரை யார் சுவிட்சைப் போட்டாலும் கரண்டு வராது. ஊருக்கெல்லாம் மடியில் கனமிருந்தால் பயம். அவருக்கு அது இருந்தால்தான் தைரியம்.

எண்பத்தெட்டில் அவருக்கு வலது சிறுநீரகத்தில் கல். இடது பக்கம் ஏற்கெனவே கிழித்துத் தைத்தது. இன்னொரு முறை கத்தி வைத்தால் கம்பம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள். மெட்ராஸில் புது மெஷின் வந்திருந்தது. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, தண்ணீருக்குள்ளேயே மின்பொறி வெட்டவிட்டு, அதில் கிளம்பும் அதிர்வால் கல்லை உடைப்பார்களாம்.

"தண்ணிக்குள்ள கரண்டா? என்னைய முடிச்சுவிடப் பாக்குறியா?" என்று மனைவி முத்துப்பேச்சியிடம் பாய்ந்தார்.

"அப்பக் கல்லைச் சொமந்துக்கிட்டே கம்பம் ஏறுவீகளாக்கும்?" என்றாள் அவள்.

போனார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போனதும், தோள்வரை தண்ணீரில் அமர்த்தினார்கள். மெஷின் கிளம்பவில்லை. சுவரிலிருந்த பலகையில் ஒரு பீஸ் கட்டையைக் காணோம். ஆளாளுக்குத் தேடினார்கள். கடைசியில் டாக்டர்தான் ராக்கையாவின் இறுகிய கைமுட்டியைப் பார்த்தார். ஊசிக்கு முன்பே, பழக்கதோஷத்தில் ராக்கையா அதைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

"பொறி கீழே கிண்ணத்துலதான் வெட்டும். உங்க உடம்புக்கு அதிர்வு மட்டும்தான் வரும், கரண்டு வராது" என்றார் டாக்டர்.

"எந்தம்பி சோலை கிணத்துக்குள்ள நிக்கயில, மேல ஒருத்தன் தெரியாமச் சுவிட்சைப் போட்டுட்டான் சார். நாந்தான் பொணத்தைத் தூக்குனேன்."

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ராக்கையா முட்டியைத் திறந்தார். கட்டையை வாங்கி மாட்டினார்கள். படீரென்று முதல் வெடி. தொட்டி குலுங்கியது. கண்ணை இறுக மூடியவருக்கு உயிர் இருந்தது. தோளில் அந்தக் கையும் இருந்தது. இரண்டாவது வெடி, பத்தாவது, ஐம்பதாவது. கை நகரவேயில்லை.

கண்ணீர் தாரைதாரையாக வழிய ராக்கையா சொன்னார்: "போதும் சார், கைய எடுத்துருங்க. நீங்க புள்ளகுட்டிக்காரரு."