எஸ்தர் அளந்த புகை

ஒரகடம் திருப்பத்தில் கம்பெனி பஸ் நின்றபோது செய்தி வந்தது. மாரடைப்பு. எஸ்தர் மேடம் போய்விட்டார். புகைபோக்கிகளில் புகை மாதிரி எடுக்க அவர் ஏறி இறங்கிய தொழிற்சாலைகளில் எங்களுடையதும் ஒன்று. நான் அங்கே பாய்லர் சூப்பர்வைசர்.

எஸ்தர் வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் முதன்முதலில் வந்த நாளில், எங்கள் மேலாளர் சொன்னபடி நல்ல ரக நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தோம். வழக்கமான கரி தார்ப்பாயின் கீழ் கிடந்தது. எஸ்தர் நேராக அங்கே போய் ஒரு கைப்பிடி அள்ளினார்.

"இன்னிக்கு மட்டும் வேற கரி போடுறீங்க. அப்போ இது இன்னாத்துக்கு கீது?"

"டெஸ்ட் எடுக்க வந்தீங்களா, விசாரணை பண்ண வந்தீங்களா?" என்று மேலாளர் சீறினார்.

எஸ்தர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். நேத்து எதை எரிச்சீங்க?"

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது: "மூடி வெச்சிருக்கிறதைத்தான் மேடம்."

அதையே போடச் சொல்லிவிட்டு, வழக்கமான கரி எரியத் தொடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு உச்சி வெயிலில் ஏணி ஏறி, ஐஸில் வைத்த கண்ணாடிக் குப்பிகள் வழியே புகையை இழுத்தார். சாம்பலைப் பிடிக்கிற பை வடிகட்டி இருந்ததால், எங்கள் புகை சுத்தம் என்று நம்பியிருந்தோம். "ஆர்சனிக் சாம்பலோட ஒட்டிக்கினு பெரும்பாலும் பையில நின்னுடும் சார். பாதரசம் ஆவியாப் பூந்து வெளிய போயிடும். கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்" என்றார்.

சோதனை முடிவில் பாதரசம் அதிகமாகவே இருந்தது. மேலாளர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அறிக்கையைத் திருத்தித் தரும்படி ஆய்வுக்கூடத்துக்கு ஆள் போனதாகவும் கேள்வி. எஸ்தர் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, வடிகட்டிக்கு முன்னால், பாதரசத்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூளைத் தூவும் கருவியைப் பொருத்தியது. மறுபடி அளந்தபின் அவரே போன் செய்தார். "எறங்கிடுச்சு சார், நல்லா எறங்கிடுச்சு!" பரீட்சையில் தேறிய பெண்ணைப்போலச் சிரித்தார்.

பாய்லர் பக்கத்து மதிலை ஒட்டிய அறைகளில், வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தங்களுக்காக ஒருவர் வெயிலில் நின்றது அவர்களுக்குத் தெரியாது. எஸ்தரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அவரை அறிந்த நீங்கள் அவரிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் இருப்பது அவர் கொடுத்த துணிவு. போன வாரம் வேறோர் ஆய்வுக்கூடத்து ஆள் மாதிரி எடுக்க வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே வழக்கமான கரிக் குவியலுக்கு அழைத்துப்போய், "தினமும் எரிக்கிறது இதுதான்" என்றேன். மேலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.