வெள்ளிக்கிழமை வாடை

எனக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளிப்பேன். காய அரை நாளாகும். எனக்கோ எட்டு மணிக்குப் பாடாலூரில் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலைவிரி கோலமாகப் போகக்கூடாதென்று ஈரத்தோடே இறுக்கிப் பின்னி, மல்லிகை வைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளாக ஆபீஸில் வெள்ளிக்கிழமை மதியமானால் ஒரு புளித்த வாடை. சாப்பாட்டு டப்பா, நாற்காலி, ஜன்னல் திரை என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பக்கத்து மேசை செல்வியாக இருக்குமோ என்று, சாடையாக அவளுக்கு ஒரு வாசனை சோப்பு வாங்கிக் கொடுத்தேன். வாடை போகவில்லை. என் தலையும் அரிக்கத் தொடங்கியது. ஷாம்பூவை விட்டுச் சீயக்காய்க்கு மாறினேன்; அப்போதும் அரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வியே தயங்கியபடி வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. உங்க பின்னல்லேருந்துதான் வருது. தலைய காய வெச்சுதான் பின்றீங்களா?"

அவிழ்த்துப் பார்த்தேன். மணி மூன்று, உள்ளே இன்னும் சொதசொதவென்று ஈரம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் தலைக்குக் குளியல். வெயிலில் உட்கார்ந்து, அடிமுடிவரை காய்ந்த பிறகே பின்னுகிறேன். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட, தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அரிப்பும் வாடையும் போய்விட்டன. அந்தச் சோப்பைப் பற்றி மட்டும் நானும் செல்வியும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.